கியர்பாக்ஸை வீட்டிலேயே இறக்கியபோது

முதலில் ரிவர்ஸ் கியர் போயிற்று. அன்று மாலையே சாலையில் ஏறியபோது இரண்டாவதும் நான்காவதும் கூட இல்லை என்பது தெரிந்தது. முதல் கியரில் வண்டி நன்றாக இழுத்தது, மூன்றாவதிலும் ஓடியது, இடையில் எஞ்சின் மட்டும் பிடிமானமின்றி அலறியது. வண்டி 2004ஆம் ஆண்டின் செவ்ரலே சில்வராடோ 1500 பிக்கப் டிரக். 5.3 லிட்டர் வி8 எஞ்சின், பின்சக்கர இயக்கம், 4எல்60-இ என்ற நான்கு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஓட்டம் இரண்டு லட்சம் மைலைத் தாண்டியிருந்தது. எனக்கு முன்பு வைத்திருந்தவர் அதில் படகு இழுத்துப் பழகியவர். ஆகவே தயாரித்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தேய வேண்டியது தேய்ந்துவிட்டது. மாற்றித் தர ஒரு பணிமனையில் கேட்ட தொகை வண்டியின் அன்றைய விலையில் பாதிக்கு மேல் வந்ததால், மிச்சிகன் மாநிலத்தின் கான்டனில் உள்ள எங்கள் வீட்டு கராஜிலேயே இறக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இறக்குவதற்கு முன் செய்ய வேண்டியது, இறக்கத்தான் வேண்டுமா என்று உறுதி செய்துகொள்வது. இந்த கியர்பாக்ஸில் கியர் மாற்றும் சோலனாய்டுகள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் வால்வுகள், பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டான சம்புக்கு மேலேயே இருக்கின்றன. அவை பழுதென்றால் சம்பைக் கழற்றி, பெட்டியை வண்டியில் வைத்தபடியே மாற்றிவிடலாம். ஆனால் அவற்றுக்கான மின்சாரம் முழுவதும் நின்றுபோனால்கூட இந்தப் பெட்டி மூன்றாவது கியரில் ஓடும், ரிவர்ஸும் இருக்கும். ரிவர்ஸை கியர் நெம்புகோலுடன் இணைந்த வால்வு கொடுக்கிறது, சோலனாய்டு அல்ல. ரிவர்ஸ், இரண்டு, நான்கு ஆகிய மூன்றும் ஒன்றாகப் போனால் அந்த மூன்றுக்கும் பொதுவான உறுப்பு ஒன்று முறிந்திருக்க வேண்டும். அது உள்ளே இருக்கும் சன் ஷெல் என்ற உருளை; அதன் கழுத்துப் பற்கள் வழித்துப்போனால் இதே அறிகுறிதான் வரும். சம்பைக் கழற்றிப் பார்த்தேன். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோன்ற பொடி படிந்திருப்பது இயல்பு, அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. எனக்குக் கிடைத்ததோ விரலில் குத்தும் இரும்புச் சிலாம்புகள். அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

இந்த வேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எந்த போல்ட்டுக்கு எந்த அளவு ஸ்பானர் என்பதில் நின்றுவிடுகிறார்கள். அது தேவைதான். ஆனால் வேலை முழுவதும் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த கேள்வி வேறு: இந்த நிமிடத்தில் எந்த எடையை எது தாங்குகிறது? டிரக்கின் எடை, எஞ்சினின் பின்பாதி எடை, கியர்பாக்ஸின் எடை, எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் உருளையான கன்வெர்ட்டரின் எடை என்று நான்கு எடைகள் இந்த வேலையில் கைமாறுகின்றன. கழற்றுவதில் வரும் சேதமும் காயமும் ஏறக்குறைய எல்லாமே, ஓர் எடை அதைத் தாங்குவதற்கென்று செய்யப்படாத ஒன்றின் மேல் போய் உட்காரும்போதுதான் வருகின்றன. 4எல்60-இ எண்ணெய் இல்லாமல் 65 கிலோவுக்குச் சற்று அதிகம். எண்ணெயும் கன்வெர்ட்டரும் சேர்ந்தால் 80 கிலோவைத் தாண்டும். இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்று தோன்றும் எடைதான், அதனால்தான் ஆபத்து. மல்லாந்து படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேல் எதையும் தூக்க முடியாது.

பக்கத்து வீட்டுக்காரர் வில்லோ ரன் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத் தொலைவுகூட இல்லாத அந்த ஆலை, இரண்டாம் உலகப் போரின்போது பி-24 குண்டுவீச்சு விமானங்களைச் செய்ய ஃபோர்டு கட்டியது. 1953இல் லிவோனியாவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரமாட்டிக் கியர்பாக்ஸ் ஆலை எரிந்து சாம்பலானபோது, அந்த நிறுவனம் வில்லோ ரன்னுக்கு இடம் பெயர்ந்தது. 2010இல் மூடப்படும்வரை அங்கே கியர்பாக்ஸ்கள் தயாராயின. வேலியோரம் நின்று அவர் சொன்ன யோசனை ஒன்றே ஒன்றுதான்: ஆலையில் இந்த மாதிரிப் பெட்டியை யாரும் கையால் தூக்கியதில்லை, நீயும் தூக்காதே. தாழ்வகை டிரான்ஸ்மிஷன் ஜாக்கி ஒன்றை வாடகைக்கு எடுத்ததற்கு அவர் வாக்குதான் காரணம். சாதாரணத் தரை ஜாக்கியின் சிறிய தட்டில் பெட்டியை நிறுத்திச் சமாளித்தவர்கள் உண்டு. ஆனால் பெட்டியைச் சங்கிலியால் கட்டவும், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கவும் வசதியுள்ள தட்டு இருந்தால்தான் திரும்பப் பொருத்தும்போது நிதானமாக வேலை செய்ய முடியும்.

முதல் எடை டிரக்கினுடையது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, வண்டியின் அடிச்சட்டத்தின் நான்கு மூலைகளுக்கும் அடியில் இரும்பு ஸ்டாண்டுகளை வைத்தேன். கான்கிரீட் கட்டியை ஒருபோதும் முட்டுக் கொடுக்கக் கூடாது. அது விரிசல் விடுவதாக முன்கூட்டிச் சொல்லாது, ஒரேயடியாக நொறுங்கிவிடும். தார்த் தரையில் வேலை செய்கிறவர்கள் ஸ்டாண்டுகளுக்கு அடியில் தடித்த பிளைவுட் துண்டு போட வேண்டும், கோடை வெயிலில் தார் இளகி ஸ்டாண்டின் கால் இறங்கிவிடும். எவ்வளவு உயரம் என்பதைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்து முடிவு செய்வது நல்லது: ஜாக்கி முழுவதும் தாழ்ந்த நிலையில் அதன் தட்டின் உயரம், அதோடு பெட்டியின் மிகப் பெரிய பகுதியான பெல் ஹவுசிங்கின் (எஞ்சினோடு சேரும் மணி வடிவ முன்பகுதி) உயரம், இரண்டும் சேர்ந்தது சட்டத்துக்கு அடியில் நுழைய வேண்டும். அளக்காமல் தொடங்கினால், பெட்டி கீழே இறங்கிய பிறகும் வண்டிக்கு அடியிலேயே சிறைப்பட்டிருக்கும். ஸ்டாண்டுகள் நின்றதும் நானும் உதவிக்கு வந்த என் மைத்துனனும் முழு உடம்பின் பலத்தோடு வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தோம். அசைய வேண்டுமானால் நான் வெளியே நிற்கும்போதே அசையட்டும். கழற்றிய சக்கரங்களைச் சட்டத்துக்கு அடியில் படுக்கவைத்தால் அது இரண்டாவது காவல்.

எண்ணெயை வடிப்பதில் ஒரு செய்தி. சம்பைக் கழற்றினால் 4.7 லிட்டர் வரும், ஆனால் இந்தப் பெட்டியும் கன்வெர்ட்டரும் சேர்ந்து கொள்வது 10.6 லிட்டர். மீதி உள்ளேதான் இருக்கிறது. வேலை முடியும்வரை அது எங்கெங்கோ இருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். வடித்தபின் சம்பைத் திரும்ப மாட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஜாக்கித் தட்டு நேராக வால்வுத் தொகுதியின் மேல் போய் அழுத்தும். பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன் அதற்கும் பின் அச்சுக்கும் பெயின்ட்டால் ஓர் அடையாளக் கோடு இழுத்தேன். பழைய நிலையிலேயே திரும்பப் பூட்டினால் புது அதிர்வு எதுவும் வந்து சேராது. ஷாஃப்டின் மூட்டில் சிலுவை வடிவில் இருக்கும் கிராஸின் மூடிகள் கழன்று ஊசி உருளைகள் சிதறாமலிருக்க அவற்றை டேப்பால் சுற்றிவிட வேண்டும். ஷாஃப்டை உருவியதும் பெட்டியின் வால் துளையிலிருந்து எண்ணெய் கொட்டும். ஒரு பிளாஸ்டிக் பையும் ரப்பர் வளையமும் போதும்.

அடுத்தது சைலன்சர் குழாய். மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் தின்றது இதுதான். மிச்சிகனில் குளிர்காலம் முழுவதும் சாலைகளில் கல்லுப்பைக் கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில் ஆயிரம் அடிக்கும் கீழே ஓர் உப்புச் சுரங்கமே இருக்கிறது, சாலை உப்பு அங்கிருந்தும் வருகிறது. அந்த உப்புநீர் ஏறித் துருவேறிய நட்டுகள் வெறும் பலத்துக்கு அசைவதில்லை. பலத்தைக் கூட்டினால் எஞ்சினின் புகை வெளியேறும் மேனிஃபோல்டிலிருந்து நீட்டியிருக்கும் திருகுக் கம்பியான ஸ்டட்டுதான் ஒடியும், ஒடிந்ததைத் துளையிட்டு எடுப்பது தனி வேலை. வேலை தொடங்குவதற்கு முந்தைய சில நாள்களில் மாலைதோறும் துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிட்டேன். பிறகு அந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, டார்ச்சால் நட்டை மட்டும் சுடவைத்து, முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு திருப்பி, அதன் பிறகே கழற்றும் பக்கம் திருப்பினேன். நகர மறுத்தால் மறுபடி இறுக்கம், மறுபடி தளர்வு. நட்டு விட்டுக்கொடுக்கும் கணத்தில் ஒரு கிறீச்சொலி வரும். அதற்குப் பிறகும் அவசரப்படாமல் முன்னும் பின்னுமாகவே கொண்டுவர வேண்டும். டார்ச்சை எடுப்பதற்கு முன் வடித்த எண்ணெய்த் தட்டையும் எண்ணெய்த் துணிகளையும் கராஜுக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்பதையும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

கன்வெர்ட்டரை எஞ்சினின் பின்னால் சுழலும் வட்டத் தகடான ஃபிளெக்ஸ்பிளேட்டுடன் சேர்ப்பவை மூன்று போல்ட்டுகள். ஸ்டார்ட்டர் மோட்டாரை இறக்கி, அதை ஒட்டிய மூடியைக் கழற்றினால் ஒரு சமயத்தில் ஒரு போல்ட் மட்டும் கண்ணில் படும். எஞ்சினின் முன்பக்கம் கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் 24 மில்லிமீட்டர் சாக்கெட்டை மாட்டி, முன்னாலிருந்து பார்க்கும்போது வலமாகத் திருப்பினால் அடுத்தது வரும். இடமாகத் திருப்பினால் புல்லியின் போல்ட் தளர்ந்துவிடக்கூடும். இந்த மூன்றும் 15 மில்லிமீட்டர் தலை, பசையிட்டுப் பூட்டப்பட்டவை; சாக்கெட் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே பலம் கொடுக்க வேண்டும். தலை வழுக்கிப்போனால் அந்தச் சந்தில் வேறு எதையும் நுழைக்க இடமில்லை.

பெட்டியின் பக்கத்தில் நுழையும் பெரிய வட்ட மின்னிணைப்பு, வாலில் வேக உணரி, நெம்புகோல் கேபிள், அதை ஒட்டிய பார்க்–நியூட்ரல் சுவிட்ச்சின் இணைப்பு ஆகியவற்றைக் கழற்றுவது எளிது. ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்துவிட்டுக் கழற்றினால் திரும்பப் பூட்டும்போது குழப்பமில்லை. எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குப் போகும் இரும்புக் குழாய்கள் இரண்டும் துருவேறியிருந்தன; அவற்றைக் காப்பாற்ற முயலாமல் புதிது வாங்கிவிட்டேன். இந்த இணைப்புகளில் ஒன்றை மறந்துவிட்டுப் பெட்டியை இறக்கினால் மொத்த எடையும் அந்த ஒரு கம்பியில் தொங்கும். எனவே பெட்டியைச் சுற்றிலும் மேலும் கீழும் கைவிட்டுத் தடவி, எதுவும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டே ஜாக்கியை உள்ளே தள்ளினோம்.

இப்போது எடைகள் கைமாறும் இடம். கியர்பாக்ஸின் எடை முன்பக்கமே அதிகம். பம்பும் கன்வெர்ட்டரும் அங்கேதான் இருக்கின்றன. சம்பின் நடுவில் ஜாக்கியை வைத்தால் பெட்டி விடுபட்டதும் முன்பாரம் ஏறிய மாட்டு வண்டி போல மூக்கைக் குத்திக்கொள்ளும். ஆகவே தட்டு பெல் ஹவுசிங்கை நோக்கித் தள்ளியே நிற்க வேண்டும், சங்கிலியும் இறுக்கமாக இருக்க வேண்டும். பெட்டியின் வாலைத் தாங்கும் கிராஸ்மெம்பரைக் கழற்றும்போது எஞ்சினின் பின்பக்கமும் தாங்கலின்றிப் போகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எஞ்சின் தன் முன் மவுண்டுகள் இரண்டில் மட்டும் நிற்கும், பின்புறம் தாழும். அதற்காக எஞ்சினின் எண்ணெய்ச் சம்புக்கு அடியில் அகலமான மரக்கட்டை ஒன்றை வைத்துத் தனி ஜாக்கியால் லேசாகத் தாங்கல் கொடுத்தேன். அந்தச் சம்பு அலுமினிய வார்ப்பு; கட்டை இல்லாமல் ஜாக்கியின் முனை நேரடியாகப் பட்டால் விரிசல் விடும்.

பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளை எட்டுவதற்கு ஒரே வழி, வால் பக்கத்தைச் சில அங்குலம் தாழ்த்துவதுதான். வால் தாழும்போது எஞ்சினும் சாய்வதால் முன்னால் விசிறி அதன் உறையில் இடிக்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது பெட்டியின் முதுகுக்கும் வண்டியின் தரைக்கும் இடையே கை நுழையும் அளவு இடைவெளி திறக்கும். சாக்கெட்டுடன் வளையும் மூட்டும், மூன்று அடி வருமளவு நீட்டிக் கோல்களும் சேர்த்து, வாலின் பின்னாலிருந்தே அந்த போல்ட்டுகளைத் திருப்பலாம். சாக்கெட்டை போல்ட் தலையில் உட்கார வைப்பது ஒருவர், பின்னாலிருந்து ராட்செட் இழுப்பது இன்னொருவர். என் மைத்துனன் முன்னால் கையை விட்டுத் துழாவியபடி, "அத்தான், இன்னும் ரெண்டு நூல் இறக்குங்க, அப்பத்தான் தலை தெரியும்" என்று சொல்லச் சொல்ல, ஜாக்கியின் வால்வை மயிரிழை திறந்து மூடுவது என் வேலையாக இருந்தது. எண்ணெய் அளவுகோலின் குழாய் மேலே ஒரு போல்ட்டால் பிடித்திருக்கும், அதை மறக்கக் கூடாது. கடைசி இரண்டு போல்ட்டுகளாகக் கீழே எளிதில் எட்டுபவற்றை விட்டுவைத்தேன். அவற்றைக் கழற்றும் முன் வாலை மறுபடி உயர்த்தி, எஞ்சினும் பெட்டியும் நேர்கோட்டில் நிற்கும்படி செய்தேன்.

எல்லா போல்ட்டும் கழன்ற பிறகும் பெட்டி நகராது. எஞ்சினின் முதுகில் டவல் பின்கள் என்ற இரண்டு வழிகாட்டி முளைகள் பெட்டியை நேராகப் பிடித்திருக்கின்றன, உப்பு அங்கேயும் வேலை செய்திருக்கும். இரு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டையான நெம்புகோலால் இம்மி இம்மியாகத் திறக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் அலுமினியக் காது உடையும். இடைவெளி விழுந்ததும் அதனூடே கன்வெர்ட்டரைப் பின்னோக்கித் தள்ளி, அது ஃபிளெக்ஸ்பிளேட்டை விட்டுப் பெட்டியோடு வருகிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கன்வெர்ட்டர் எஞ்சின் பக்கம் ஒட்டிக்கொண்டு பாதி வழியில் நின்றால், எண்ணெய் நிறைந்த அந்த இரும்பு உருண்டையின் எடை முழுவதும் இன்புட் ஷாஃப்டின் முனையில் விழும். சற்றுப் பின்னால் தள்ளினால் அது வழுக்கி நேராகக் கீழே இருப்பவரின் முகத்துக்கு வரும். பெல் ஹவுசிங்கின் குறுக்கே ஓர் இரும்புப் பட்டையைப் பழைய போல்ட்டால் பிணைத்து, பெட்டியின் மூக்கைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து இறக்கினோம். ஜாக்கி இறங்கும்போது இருவருமே பக்கவாட்டில் இருந்தோம். பெட்டி வழுக்கினால் பிடிக்கப் போவதில்லை, தரையில் விழட்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

திரும்பப் பொருத்துவதில் மூன்று விஷயங்கள் மட்டும் சொல்லத் தக்கவை. முதலாவது குளிர்விப்பான். உள்ளே உடைந்த பெட்டி தன் சிலாம்புகளைக் குழாய் வழியே ரேடியேட்டருக்கும் அனுப்பியிருக்கும். அதைக் கழுவாமல், பழையதற்குப் பதிலாக வாங்கிய மறுசீரமைத்த பெட்டியை மாட்டினால் அந்த அழுக்கு முதல் ஓட்டத்திலேயே புதுப் பெட்டிக்குள் வந்துவிடும், உத்தரவாதமும் செல்லாது. கழுவும் திரவத்தைச் செலுத்தி, வெளிவரும் நீர்மம் வெள்ளைத் துணியில் துகள் எதையும் விடாத நிலை வரும்வரை தொடர்ந்தேன்.

இரண்டாவது, புதுக் கன்வெர்ட்டரை அமர்த்துவது. கொஞ்சம் புது எண்ணெயை அதற்குள் ஊற்றி, தண்டில் நுழைத்து, தள்ளிக்கொண்டே சுழற்ற வேண்டும். அது மூன்று கட்டமாக உட்காரும்: முதலில் டர்பைன் தண்டின் பற்கள், அடுத்து ஸ்டேட்டரின் பற்கள், கடைசியில் பம்பின் காடிகள். ஒவ்வொரு முறையும் மந்தமான ஓர் அடியோசையுடன் உள்ளே இறங்கும். மூன்றாவது இறக்கம் வராமலேயே உட்கார்ந்துவிட்டது போல ஏமாற்றும் வழக்கம் இதற்கு உண்டு. சரிபார்க்கும் வழி இதுதான்: பெட்டியை எஞ்சினோடு சேர்த்ததும் பெல் ஹவுசிங் சுற்றிலும் இடைவெளியின்றி கையாலேயே ஒட்ட வேண்டும். அதன் பிறகும் கன்வெர்ட்டர் தாராளமாகச் சுழல வேண்டும், அதற்கும் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் இடையே ஒரு நூல் முதல் ஒன்றரை நூல், அதாவது 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும். பெல் ஹவுசிங் ஒட்டாமல் விரல் அகலம் திறந்து நிற்கும்போது, போல்ட்டை முறுக்கி இழுத்து மூடிவிடலாம் என்ற ஆசை எவருக்கும் வரும். போல்ட்டுகள் பெட்டியைப் பிடித்துவைக்க இருக்கின்றன, இழுத்துச் சேர்க்க அல்ல. அப்படி இழுத்தால் பம்பு உடைந்து, எஞ்சினை ஒருமுறைகூடக் கிளப்பும் முன்பே புதுப் பெட்டி வீணாகும். எங்களுக்கும் முதலில் ஒட்டவில்லை. ஜாக்கித் தட்டைப் பக்கவாட்டில் சற்றே சாய்த்ததும் டவல் பின்கள் தாமாகவே துளையில் நுழைந்தன. கன்வெர்ட்டர் போல்ட்டுகளுக்கு 63 நியூட்டன் மீட்டர், பெல் ஹவுசிங்குக்கு 50. இரண்டையும் இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு வைத்தே இறுக்க வேண்டும்.

மூன்றாவது எண்ணெய். டெக்ஸ்ரான் 6 வகை இந்தப் பெட்டிக்குப் பொருந்தும். முழு அளவையும் முதலிலேயே ஊற்ற முடியாது. சம்பு கொள்ளும் அளவுக்கு ஊற்றிவிட்டு, எஞ்சினைக் கிளப்பி, பிரேக்கை அழுத்தியபடி எல்லா கியர்களுக்கும் நெம்புகோலை மெதுவாக நகர்த்தி, கன்வெர்ட்டரும் குழாய்களும் குடிக்கக் குடிக்க மேலும் ஊற்ற வேண்டும். இறுதி அளவைப் பார்ப்பது எண்ணெய் நன்றாகச் சூடேறிய பிறகு, சமதரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, பார்க் நிலையில். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவுகோல் அதிகமாகக் காட்டும், அதை நம்பினால் பெட்டி பட்டினியோடு ஓடும்.

வண்டியைத் தெருவுக்கு ரிவர்ஸிலேயே எடுத்தேன். வடித்த எண்ணெயைக் குடுவைகளில் அடைத்து, பழைய எண்ணெய் வாங்கிக்கொள்ளும் உதிரிபாகக் கடையில் கொடுத்தாயிற்று. பழைய பெட்டியைத் திருப்பித் தரும்வரை மறுசீரமைப்புக் கடைக்காரர் ஒரு வைப்புத் தொகையைப் பிடித்துவைத்திருந்தார். வெளிக்கூடு விரிசலோ உடைந்த காதோ இல்லாமல் இருந்தால்தான் அது முழுதாகத் திரும்பக் கிடைக்கும். அவர் பெல் ஹவுசிங்கைச் சுற்றிலும் கைவிளக்கால் பார்த்தார், வால் பக்கத்தைத் துடைத்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டு முழுத் தொகையையும் கொடுத்துவிட்டார்.